பழகிக்கொள்ளும் மூளை: கட்டிளமைப் பருவமும் போதையும்

கொழும்பில் ஒரு பிள்ளை சைக்கிள் ஓடக் கற்றுக்கொள்ளும்போது 'சைக்கிள் பழகுகிறான்' என்கிறோம். அதே பிள்ளை சில வருடங்கள் கழித்துச் சிகரெட்டைத் தொட்டால் 'பழகிவிட்டான்' என்றும், அது அவனை விட்டுப் போகாவிட்டால் 'பழக்கம் வந்துவிட்டது' என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவது மிகப் பொருத்தமானது. மதுசாரத்துக்கோ வேறு போதைப்பொருளுக்கோ ஒருவர் அடிமையாவது, மூளை திரும்பத் திரும்பச் செய்து கற்றுக்கொள்ளும் ஒரு பாடமாகும். எதையும் விரைவாகக் கற்கும் வயது கட்டிளமைப் பருவம் என்பதால், இந்தப் பாடமும் அந்த வயதிலேயே விரைவாகப் பதிகிறது. இதை விளங்கிக்கொண்டால், பிள்ளைகளிடம் இவ்விடயத்தை எப்படிப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்பதெல்லாம் ஓரளவு தெளிவாகும்.

பசி தீரும்போதும், நண்பர்கள் பாராட்டும்போதும், லேனில் விளையாடும் கிரிக்கெட்டில் பந்து சுவரைத் தாண்டும்போதும் மூளையின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சிறு தொகுதி நரம்புக்கலங்கள் டோபமைன் என்ற இரசாயனத்தை வெளியிடுகின்றன. இதனை 'மகிழ்ச்சி இரசாயனம்' என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். அது அரைகுறையான விளக்கம். 'இப்போது செய்ததை நினைவில் வைத்துக்கொள், மறுபடியும் செய்' என்று மூளை தனக்குத் தானே இடும் அடிக்கோடு என்று அதைக் கருதினால் உண்மைக்கு இன்னும் நெருங்கியிருக்கும். 1954ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் ஆகிய இருவரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியொன்றைப் பொருத்தி, எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்துக்குச் சிறு மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தார்கள். எலிகள் மணித்தியாலத்துக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் அந்த நெம்புகோலை அழுத்திக்கொண்டேயிருந்தன. கற்றல் நடைபெறும் அந்தப் பாதை எவ்வளவு வலிமையானது என்பதை உலகம் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

உழைப்பின் பின்னர் படிப்படியாகக் கிடைக்கவேண்டிய அந்த அடிக்கோட்டை, போதைப்பொருள் வாசலால் வராமல் கூரையைப் பிரித்துக்கொண்டு உள்ளே போட்டுவிடுகிறது. புகையை உள்ளிழுத்துச் சில வினாடிகளிலேயே நிக்கொட்டின் மூளையை அடைகிறது. மூளையும் சும்மா இருப்பதில்லை. அளவுக்கு மீறிய தூண்டலுக்கு எதிராகத் தனது உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதனால் முன்பு ஒன்று போதுமாக இருந்த இடத்தில் பின்னர் மூன்று தேவைப்படுகிறது. இதனையே சகிப்புத்தன்மை என்கிறார்கள். இன்னும் சில காலம் சென்றதும், பொருள் இல்லாத வேளையில் உடல் நடுங்கவும் வியர்க்கவும் தூக்கம் கெடவும் தொடங்குகிறது. இந்த நிலை தங்கியிருத்தல் எனப்படும். இந்தக் கட்டத்தில் இருப்பவர் பெரும்பாலும் இன்பத்துக்காக அதை எடுப்பதில்லை. அந்த நாளைச் சாதாரணமாகக் கடத்துவதற்காகவே எடுக்கிறார். 'இவ்வளவு அவமானப்பட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறான்' என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கற்றுக்கொண்ட மூளை பொருளை மட்டும் நினைவில் வைத்திருப்பதில்லை. சேர்ந்து புகைத்த மூலைச்சுவர், தீப்பெட்டி உரசும் ஓசை, வகுப்பு முடிந்து கையில் காசிருக்கும் வெள்ளிக்கிழமை மாலை, ஒரு குறிப்பிட்ட நண்பனின் தொலைபேசி இலக்கம் என அனைத்தும் அந்தப் பாடத்தின் பகுதிகளாகிவிடுகின்றன. பல மாதங்கள் விட்டிருந்தவருக்குக்கூட அவற்றுள் ஒன்று எதிர்ப்பட்டால் ஆசை கிளம்புவது இதனாலேயே.

பதின்ம வயதில் இது ஏன் வேறுபடுகிறது

மூளை ஒரே நாளில் முதிர்வதில்லை. ஆசையையும் பரபரப்பையும் கையாளும் பகுதிகள் பூப்பெய்தும் காலத்திலேயே வேகம் பெற்றுவிடுகின்றன. 'கொஞ்சம் பொறு, பின்விளைவை யோசி' என்று சொல்லும் நெற்றிப் பகுதியோ ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. என்ஜின் பூட்டியாயிற்று, பிரேக் இன்னும் பூட்டப்படுகிறது என்று ஓட்டோக்காரர் ஒருவருக்கும் விளங்கும்படி இதைச் சொல்லலாம். இவ்வமைப்பு ஒரு குறையன்று. வீட்டை விட்டு வெளியே போய்ப் புதியவற்றை அறியும் துணிவை இளையோருக்குக் கொடுப்பதே இதுதான். அதே வருடங்களில் பயன்படும் நரம்பிணைப்புகளை மூளை உறுதிப்படுத்துகிறது, பயன்படாதவற்றைக் கத்தரித்துவிடுகிறது. பதினாறு வயதில் கற்ற பாட்டும் மொழியும் ஆயுள்வரை நிற்பதற்கு எது காரணமோ, அந்த வயதில் தொடங்கிய புகைத்தல் முப்பது வயதில் தொடங்கியதைவிட விடுவதற்குக் கடினமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

மதுசாரத்தில் இன்னொரு பொறி உண்டு. வளர்ந்த விலங்குகளோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில், இளம் விலங்குகளுக்கு மதுசாரம் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் குறைவாகவும், நினைவுப் பதிவில் பாதிப்பை அதிகமாகவும் ஏற்படுத்துவது தெரியவந்துள்ளது. குடித்த பின்னும் தள்ளாடாமல் நிற்கும் பையனைப் பார்த்து, 'பரவாயில்லை, தாங்குகிறான்' என்று மெச்சும் சித்தப்பாமார் கல்யாண வீடுகளில் இருக்கிறார்கள். 'போதும்' என்று உடல் சொல்லும் எச்சரிக்கை அவனுக்குத் தாமதமாக வருகிறது என்பதே அதன் பொருள். அவன் தாங்குவதாகத் தோன்றும் வேளையில் அவனுடைய நினைவாற்றல் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை உருவாக்கப்பட்டது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டையோ மதுசாரத்தையோ விற்பதை அந்தச் சட்டம் தடைசெய்கிறது; இவற்றுக்கான விளம்பரங்களையும் அனுமதிப்பதில்லை. வாக்களிக்கும் வயது 18ஆக இருக்க இதற்கு மட்டும் ஏன் 21 என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. மேலே சொன்ன பிரேக்கின் கதையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. ஆனால் தெருமுனைக் கடைக்குச் சிகரெட் வாங்கப் பிள்ளையையே அனுப்பும் தகப்பனுக்கு அந்தக் கதையைச் சொல்லும் உரிமை எவ்வளவு இருக்கும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும்.

எந்தப் பொருள், என்ன செய்யும்

பெற்றோருடன் பேசினால் எல்லோரும் அஞ்சுவது ஐஸ் போதைப்பொருளுக்குத்தான். அச்சம் தவறில்லை. எனினும் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் சந்திப்பது வீட்டிலும் தெருவிலும் எளிதில் கிடைக்கும் சிகரெட்டையும் பியரையுமே என்பதால், அங்கிருந்து தொடங்குவது நல்லது.

'பியர்தானே' என்ற சொல்லைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலங்கையில் பரவலாக விற்கப்படும் கடும் பியர் வகைகளில் மதுசாரத்தின் செறிவு 8.8 சதவீதம். 500 மில்லிலீற்றர் டின் ஒன்றில் 44 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கும்; நிறையில் அது ஏறத்தாழ 35 கிராம். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட சாராயத்தைக் குடிப்பதும் இந்த ஒரு டின்னைக் குடிப்பதும் ஒன்றே. வளர்ந்த ஒருவரின் ஈரல் மணித்தியாலத்துக்கு அண்ணளவாக 7 முதல் 10 கிராம் வரையிலான மதுசாரத்தையே அகற்ற வல்லது. தேசிக்காய்த் தண்ணீரோ கறுப்புக் கோப்பியோ குளிர்ந்த நீரில் குளிப்பதோ இந்த வேகத்தை ஒரு கிராம்கூடக் கூட்டுவதில்லை. ஆகவே ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பையன் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு டின்னை முடித்தால், எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறும்போதும் அது அவனுடைய இரத்தத்தில் இருக்கும். மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988ஆம் ஆண்டிலேயே உறுதிப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகக் கூறியது. சட்டவிரோதமாக வடிக்கப்படும் கசிப்பில் இவற்றோடு மெதனோல் நச்சும் கலந்திருக்கக்கூடும். அது பார்வையையே பறித்துவிடும்.

பாக்கையும் புகையிலையையும் கலந்து செய்யும் மாவா, பாபுல் போன்றவற்றை மிட்டாய் என்ற நினைப்பிலேயே சில மாணவர் வாயில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையும் பாக்கும் தனித்தனியாகவே காரணமாகின்றன. 'இலைதானே, இயற்கைதானே' என்று சொல்லப்படும் கஞ்சா, கவனத்தையும் குறுகியகால நினைவையும் மந்தப்படுத்துவதோடு, பதின்ம வயதில் அடிக்கடி எடுப்போரிடையே உளமாயை போன்ற கடும் மனநோய்களுக்கான ஆபத்தையும் கூட்டுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே அத்தகைய நோய் இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். குடு என்றும் தூள் என்றும் சொல்லப்படும் ஹெரோயின் மூச்சை மெதுவாக்குகிறது. அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமின் நேரெதிராகத் தூக்கமும் பசியும் இன்றி இரண்டு மூன்று நாட்கள் ஓடவைத்து, பின்னர் யாரோ தன்னைத் துரத்துகிறார்கள் என்ற வீண் சந்தேகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பரீட்சைக்கு விழித்திருந்து படிக்கலாம் என்று ஆசை காட்டியும் அதனைக் கொடுப்பவர்கள் உண்டு என்பதால், உயர்தர மாணவருக்கு இதைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகபாலின் போன்ற மாத்திரைகளும் இன்று தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன. 'டொக்டர் தரும் மருந்துதானே' என்ற நம்பிக்கையே இங்கு ஆபத்து.

'இந்தப் பொதியை அந்த அண்ணாவிடம் கொடுத்துவிடு' என்று சொல்லி வயது குறைந்தோரின் கையில் கொடுத்தனுப்புவதும் நடக்கிறது. நச்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் 5 கிராமும் அதற்கு மேற்பட்டதுமான ஐஸ் தொடர்பான குற்றங்களுக்கு வயது வந்தோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கப்படலாம். ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சீனியின் அளவு.

எதிர்பார்ப்பு என்ற பாதிப் போதை

எல்லாப் பிள்ளைகளும் துயரத்தினால் தொடங்குவதில்லை. பலர் வெறும் எதிர்பார்ப்பினால் தொடங்குகிறார்கள். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட்டும் அவருடைய குழுவினரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். பங்கேற்றவர்களுள் ஒரு சாராருக்குத் தரப்படுவது வொட்காவும் டொனிக்கும் என்றும், மற்றச் சாராருக்கு வெறும் டொனிக் என்றும் சொல்லப்பட்டது. உண்மையில் ஒவ்வொரு சாராரிலும் பாதிப்பேருக்கே வொட்கா கலந்து கொடுக்கப்பட்டது. யார் அதிகமாகக் குடித்தார்கள் என்பதைத் தீர்மானித்தது குவளைக்குள் இருந்த பொருளன்று, வொட்கா குடிக்கிறோம் என்ற நம்பிக்கையே. மதுவுக்கு நீண்டகாலம் அடிமையாயிருந்தோரிடமும் இதுவே காணப்பட்டது.

நம் வீடுகளில் இந்த நம்பிக்கை எங்கே விதைக்கப்படுகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் மாமா கொண்டுவரும் போத்தல் சாமியறைக்கு அடுத்தபடியாக மரியாதையுள்ள அலுமாரியில் வைக்கப்படுகிறது. பெரிய பள்ளிக்கூடங்கள் வருடந்தோறும் மோதும் 'பிக் மேட்ச்' கிரிக்கெட் காலத்தில், குடித்துவிட்டு லொறியில் ஆடிச் செல்லும் பழைய மாணவரைப் பார்த்து வீதியே சிரிக்கிறது. குடித்தவர் செய்த கூத்து அடுத்த நாள் காலை நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது; அவர் வாந்தியெடுத்ததையும் மனைவி அழுததையும் யாரும் சொல்வதில்லை. அக்கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மிடறும் குடிக்காமலேயே முதல் பாடத்தைப் படித்து முடித்துவிடுகிறது. இங்கே பிள்ளை என்றது பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான். 'எங்கள் மகளுக்கு இதெல்லாம் தெரியாது' என்ற எண்ணத்தால் அவர்களுடன் இதைப் பேசாமலே விட்டுவிடும் வீடுகள் அதிகம்.

விழிப்புணர்வு என்ற பெயரில் நடக்கும் பலவும் பயன் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கி நாடெங்கும் பரவிய திட்டமொன்றில், பொலிஸ் அதிகாரிகள் வகுப்பறைக்கு வந்து போதைப்பொருட்களைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். அதன் பழைய வடிவத்தை ஆராய்ந்த பல ஆய்வுகள், மாணவரின் பாவனையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. அழுகிய நுரையீரலின் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அன்று முகஞ்சுளிப்பார்கள்; தொலைவிலுள்ள ஆபத்து அந்த வயது மூளைக்கு நாளைய நண்பர் கூட்டத்தைவிட முக்கியமானதன்று. அதைவிட மோசமானது, 'இப்போது எல்லாப் பிள்ளைகளும் எடுக்கிறார்கள்' என்று மேடையில் பெரியவர்களே முழங்குவது. எடுக்காத பெரும்பான்மைப் பிள்ளைகள் தாங்கள்தான் பின்தங்கிவிட்டோம் என்று நினைக்க அதுவே போதும்.

ஐஸ்லாந்து வேறொரு வழியில் சென்றது. அங்கு 1998இல், முந்திய மாதத்தில் குடித்து வெறித்திருந்ததாகக் கூறிய 15, 16 வயதினர் 42 சதவீதமாக இருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. விரிவுரைகளைவிடப் பிள்ளைகளின் பின்னேரங்களைப் பற்றி அந்நாடு அதிகம் யோசித்தது: விளையாட்டுக்கும் இசைக்கும் குடும்பங்களுக்கு நிதியுதவி, இரவில் பிள்ளைகள் வெளியே நிற்கக்கூடாத நேரம், ஒரே பள்ளிப் பெற்றோர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகள். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் பாடசாலை விட்ட இரண்டு மணிக்கும் டியூசன் தொடங்கும் நாலரை மணிக்கும் இடையில் நம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்வி இங்கும் பொருந்தும். இரண்டு அறை மாடிவீட்டில் ஆறுபேர் வாழும் குடும்பத்தின் பையனுக்கு வீதியைத் தவிர வேறு முற்றம் இல்லை. ஒரு மைதானம், ஒரு நூலகம், மாலையில் திறந்திருக்கும் ஒரு கோயில் மண்டபம் ஆகியவை சுவரொட்டிகளைவிட மேலான தடுப்புகள் என்பதே என் எண்ணம்.

சந்தேகம் வந்தால்

சிவந்த கண்கள் இரவு இரண்டு மணிவரை கையடக்கத் தொலைபேசி பார்த்ததாலும் வரலாம். எரிச்சல் அந்த வயதுக்கே உரியது. ஓர் அறிகுறியை வைத்து முடிவெடுப்பது அநீதி. நண்பர் கூட்டம் திடீரென மாறுதல், காசு காணாமற்போதல், எடை குறைதல், இரவும் பகலும் தலைகீழாதல், கருகிய ஈயத்தாள் பையில் இருத்தல் போன்ற பல ஒன்றாகச் சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் பேசித்தான் ஆகவேண்டும். பேச்சை விசாரணையாகத் தொடங்காமல், கண்டதைச் சொல்லித் தொடங்கலாம். "மகன், மூன்று கிழமையாக நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, எனக்கு யோசனையாக இருக்கிறது" என்று அம்மா சொன்னால் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. "குடிக்கிறாயா இல்லையா, உண்மையைச் சொல்" என்று கேட்டால் பொய் சொல்வதைத் தவிர அதற்கு வேறு இடமில்லை.

ஒருவர் மயங்கிக் கிடந்து எழுப்பியும் எழாவிட்டால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. 'தூங்கி எழும்பினால் சரியாகிவிடும்' என்று அறைக்குள் விட்ட பிள்ளைகள் வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்து இறக்கக்கூடும். நாட்பட்ட குடியை ஒரே நாளில் நிறுத்துவதும் வலிப்புக்கும் உயிராபத்துக்கும் இட்டுச் செல்லலாம் என்பதால், பூட்டி வைத்துத் திருத்தும் வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. அதன் சிகிச்சை நிலையங்களுள் ஒன்று கொழும்புக்கு அருகே தலங்கமையில் இருக்கிறது. மனநல உதவிக்கு அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. ஊர் அறிந்துவிடும் என்ற பயத்தில் ஒரு வருடம் கழித்து அழைப்பவர்கள் அந்த ஒரு வருடப் பாடத்தையும் சேர்த்தே அழிக்க வேண்டியிருக்கும்.

அழிக்க முடியுமா என்றால், முடியும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. வியட்நாம் போரின்போது அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஹெரோயின் போன்ற பொருட்களுக்கு அடிமைப்பட்டிருந்தார்கள். நாடு திரும்பியவர்களை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தபோது, அப்படி அடிமைப்பட்டிருந்தோரில் முதல் வருடத்தில் மீண்டும் அதே நிலைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் மட்டுமே. பாடம் கற்ற இடமும், கூட இருந்த முகங்களும், பொருள் கைக்கு வந்த வழியும் அவர்களுக்குப் பின்னே கடலுக்கு அப்பால் போய்விட்டன. கொழும்பில் சிகிச்சை முடித்து அதே லேனுக்கு, அதே மூலைச்சுவருக்கு, அதே தொலைபேசி இலக்கத்துக்குத் திரும்பும் பதினேழு வயதுப் பையனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் ஆலோசகர்கள் சிகிச்சைக்குப் பிந்திய முதல் மாதங்களில் மிகச் சிறிய விடயங்களைக் கேட்கிறார்கள்: எந்த பஸ்ஸில் வகுப்புக்குப் போகப்போகிறாய், எந்த இறக்கத்தில் இறங்கப்போகிறாய், வெள்ளிக்கிழமை பின்னேரம் உன்னோடு யார் இருப்பார்கள்.